சிறு பிள்ளைகளோடு கோத்தகிரியில் குடியேற: ஒரு வழிகாட்டி

கோத்தகிரிக்குக் குடிவரலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது பிள்ளைகளின் வயதைத்தான். ஒன்று முதல் எட்டு வயதுக்குள் என்றால் வரலாம் என்று தயங்காமல் சொல்வேன். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். வாசலை விட்டு இறங்கினால் தேயிலைத் தோட்டம். கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சின்ன ஊர். ஆனால் விடுமுறைக்கு வந்து தங்கும்போது தெரியாத பல விஷயங்கள் குடித்தனம் செய்யும்போதுதான் தெரியவரும். நாங்கள் சென்னையிலிருந்து வந்தபோது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. அன்று யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும் விஷயங்களை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் நவம்பரில் வந்து பாருங்கள்

ஏப்ரல், மே மாதத்தில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அந்த மாதங்களில் எந்த மலையூரும் அழகுதான். ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். நீலகிரியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கோத்தகிரிக்கோ வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நாள் கணக்கில் மழையும் மூடுபனியும் இருக்கும். துணி காயாது. காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போகும். பள்ளிக்கு விடுமுறை விட்டதாகக் காலையில் செய்தி வரும். அந்த மாதத்தில் ஒரு வாரம், லாட்ஜில் அல்லாமல் சமையலறை உள்ள ஒரு வீட்டில், பிள்ளைகளோடு தங்கிப் பாருங்கள்.

அந்த வாரத்தில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். கோடநாடு காட்சிமுனையும் கேத்தரின் அருவியும் அங்கேயேதான் இருக்கும். காலை எட்டரை மணிக்கு ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள். மழையில் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் காய்கறி வாங்குங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று பாருங்கள். வேலை இணையத்தை நம்பி இருந்தால், எந்தத் தெருவில் எந்த சிம்முக்கு சிக்னல் வருகிறது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மலையில் நூறு அடிக்கு ஒரு முறை அது மாறும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் பிள்ளைகள் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறார்கள், உங்களுக்கும் மனம் சோர்ந்து போகவில்லை என்றால், அடுத்த வேலையைத் தொடங்கலாம்.

2. வீடு: நடைதூரத்தைப் பாருங்கள், காட்சியைப் பார்க்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். காட்சி அபாரமாக இருந்தது. ஆனால் சாலையிலிருந்து வீட்டுக்குத் தேயிலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைதான், பக்கத்தில் வீடே இல்லை. இருட்டிவிட்டால் காட்டெருமை பாதையில் நிற்கும். மகளோடு விளையாட ஒரு பிள்ளை வர வேண்டும் என்றால் யாராவது கூட்டிக்கொண்டு வந்து, பிறகு கூட்டிக்கொண்டு போக வேண்டும். நான்கு மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்து, டானிங்டன் பக்கம் ஒரு சாதாரண வரிசை வீட்டுக்கு மாறினோம். ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டுச் சுவர்தான். ஆனால் மாறிய முதல் வாரமே மகள் மூன்று வீட்டில் சாப்பிட்டிருந்தாள். மலை எங்கேயும் போய்விடவில்லை, தெருமுனைக்கு வந்தால் தெரிகிறது.

அதனால் வீடு பார்க்கும்போது நான் கேட்கச் சொல்வது இவைதான். பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் ஐந்து வயதுப் பிள்ளை நடந்து போகும் தூரமா? கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இரண்டு குடும்பமாவது இருக்கிறதா? தெருவிளக்கு எரிகிறதா? ஆம்புலன்ஸ் வாசல் வரை வருமா?

அடுத்தது மண். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் பல இடங்களில் மண் சரிந்து பலர் இறந்தார்கள். கோத்தகிரி வட்டாரமும் அதில் தப்பவில்லை. மலையை வெட்டி எடுத்த மண்சுவரை ஒட்டிய வீடு, கீழே தாங்கும் சுவர் இல்லாமல் சரிவின் விளிம்பில் நிற்கும் வீடு, பழைய நீரோடைப் பாதையில் கட்டிய வீடு இவை மூன்றையும் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தடுப்புச் சுவர் இருந்தால், தண்ணீர் வடிய அதில் துளைகள் இருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். மழை பெய்யும்போது இந்த இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். ஓனரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

வெயில் படும் வீடாகவும் இருக்க வேண்டும். காலை வெயில் உள்ளே வராத வீட்டில் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அது பிள்ளைகளின் இருமலில் போய் முடியும். மூடிய அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், வீட்டின் உண்மை நிலை அங்கே தெரிந்துவிடும். குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரியது என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் ஆண்டில் நிலமோ வீடோ வாங்க வேண்டாம். நீலகிரியில் கட்டடம் கட்டவும், மண் வெட்டவும், ஆழ்துளைக் கிணறு போடவும் சமவெளியில் இல்லாத கட்டுப்பாடுகள் உண்டு. ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும், அனுமதிக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு மழைக்காலம் வாடகை வீட்டில் கழிந்தால் எந்தச் சரிவில் வீடு வாங்கக் கூடாது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

3. பள்ளியும் அங்கன்வாடியும்

பிப்ரவரி, மார்ச்சில் ஒருமுறை வந்து பள்ளிகளைப் பாருங்கள். கோத்தகிரியில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ., விடுதியோடு கூடிய பெரிய பள்ளி எல்லாமே இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு எது சரி என்றால், பக்கத்தில் இருப்பதுதான் என்பது என் கருத்து. மலைப்பாதை வளைவுகளில் தினமும் ஒரு மணி நேரம் வேனில் போய்வரும் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடும். விளையாடத்தானே இங்கே வந்தோம்?

இரண்டு வயது முடிந்த பிள்ளை இருந்தால் அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். நகரத்திலிருந்து வரும் குடும்பங்கள் இதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, எடை பார்ப்பது, தடுப்பூசி நினைவூட்டல் இவை ஒரு பக்கம். அதைவிட, அந்தத் தெருவின் எல்லா அம்மாக்களையும் அங்கேதான் சந்திப்பீர்கள். என் மகனுக்கு முதல் நண்பன் கிடைத்ததும் அங்கேதான். அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் முதல் ஐந்து வகுப்புகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் உண்டு. குளிர்காலக் காலையில் சூடான உப்புமாவுக்கு வரும் கூட்டத்தோடு உங்கள் பிள்ளையும் உட்காரட்டும்.

தமிழ்நாட்டுக்குள் பள்ளி மாற்றும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் மட்டும் போதாது. பழைய பள்ளி பிள்ளையின் எமிஸ் பதிவை (பள்ளிக் கல்வித் துறையின் கணினியில் இருக்கும் மாணவர் பதிவு) பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துக்கொள்ள முடியும். அந்த எமிஸ் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் பள்ளியில் அதே சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க நினைத்தால், இருப்பிடச் சான்று பார்ப்பார்கள். அதற்கு முன்பே முகவரி மாறியிருக்க வேண்டும்.

4. எப்போது, எப்படி மூட்டை கட்டுவது

மே மாதத்தில் சாமான் ஏற்றாதீர்கள். கோடை சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக மேலே அனுப்பி, கோத்தகிரி வழியாகக் கீழே இறக்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து நேராகக் கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்த நாட்களில் லாரி சுற்றிக்கொண்டு வர நேரிடும். ஏப்ரல் முதல் பாதி நல்லது. பிள்ளைகள் சின்ன வகுப்பில்தானே இருக்கிறார்கள், பத்து நாள் முன்னால் பள்ளியை விட்டு வந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டிக்குத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் இருந்து கோடை மாதங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற வரம்பும் வந்தது. வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. உங்கள் காருக்கு முன்கூட்டியே பாஸ் எடுங்கள். தாத்தா பாட்டி பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போதும் இதை ஞாபகப்படுத்துங்கள், அல்லது பஸ்ஸிலேயே வரச் சொல்லுங்கள்.

மலை ஏறும்போது பிள்ளைகளுக்கு வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். ஜன்னல் கண்ணாடியை இறக்கி, தூரத்தில் உள்ள மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், போன் வேண்டாம். கைக்குழந்தைக்குக் காது அடைத்தால் அழும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுத்தால், விழுங்க விழுங்க அடைப்பு விட்டுப்போகும்.

எதைக் கொண்டு வருவது? ஸ்வெட்டர், கம்பளியை எல்லாம் புறப்படும் ஊரிலேயே வாங்கிக் குவிக்க வேண்டாம், கோத்தகிரிக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். ஆளுக்கு இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு நல்ல ரெயின்கோட், நிறைய காலுறை போதும். மழைக்காலத்தில் துணி காய மூன்று நாள் ஆகும், அதனால் உள்ளாடையும் பள்ளிச் சீருடையும் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரஷர் குக்கர் கட்டாயம் வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நெடுநேரம் ஆகும். இட்லி மாவு ஒரே இரவில் பொங்காது. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பது எல்லா வீட்டிலும் நடக்கும் வேலை.

குடிநீருக்கு எவர்சில்வர் பாட்டில் வாங்குங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, மாநிலம் முழுவதும் தடை வந்த 2019-க்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அனுமதி இல்லை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

5. வந்த முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

ஆதார் முகவரி, ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு இவற்றை முதல் இரண்டு வாரத்தில் மாற்றிவிடுங்கள். ஐந்து வயது ஆன பிள்ளையின் நீல ஆதாருக்குக் கைரேகைப் பதிவும் சேர்த்துச் செய்துவிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

மருத்துவத்தை அந்த இரண்டு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சாமானைப் பிரிக்கும் முன்பே தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியரைப் போய்ப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் வழக்கமாகப் புதன்கிழமை. ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் ஊக்கத் தவணையும் ஐந்து வயதுத் தவணையும் வீடு மாறும் களேபரத்தில் விட்டுப்போகின்றன, பலருக்கும் இப்படி ஆகிறது.

ஊருக்குள் அரசு மருத்துவமனை இருக்கிறது, கோத்தகிரி மெடிக்கல் ஃபெலோஷிப் மருத்துவமனையும் இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய மருத்துவமனை 2025-இல் திறக்கப்பட்டது. ஆனாலும் பிள்ளைக்கு இதயக் கோளாறு, அடிக்கடி வலிப்பு, கடுமையான ஆஸ்துமா போன்றவை இருந்தால் இந்த இடமாற்றத்தை மறுபடி யோசியுங்கள். சிறப்பு மருத்துவத்துக்குக் கோயம்புத்தூர்தான், பகலில் இரண்டு இரண்டரை மணி நேரப் பயணம். நள்ளிரவில் மூடுபனியில் அதே பாதை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடல்நலத்தோடு இருக்கும் பிள்ளைக்கும் வீட்டில் தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, மருத்துவர் சொல்லியிருந்தால் நெபுலைசர், இவை எப்போதும் இருக்கட்டும். மின்சாரம் போகும் ஊர் என்பதால் நெபுலைசர் பேட்டரியில் ஓடும் வகையாக இருக்க வேண்டும்.

108-ஐ எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்துக்கு 1077-ஐயும் சேர்த்து எழுதி கதவில் ஒட்டுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் அது. பக்கத்தில் உள்ள வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் நேரில் போய்க் கேட்டு வாங்கி அதன் கீழே எழுதுங்கள்.

6. பிள்ளைகளும் காட்டு விலங்குகளும்

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டுத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம், ஆனால் ஒழுங்கு வேண்டும். கோத்தகிரியில் காட்டெருமை, கரடி, சிறுத்தை மூன்றும் ஊருக்குள் வரும். காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தேயிலை மட்டுமே இருப்பதால், அவற்றுக்கு ஒளிந்து நடக்க வசதி.

எங்கள் வீட்டுச் சட்டங்கள் இவை. மாலை ஐந்தரைக்கு மேல் பிள்ளைகள் தனியாக வெளியே இல்லை. தேயிலைச் செடிக்குள் பந்து போனால் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும். காட்டெருமையைக் கண்டால் நின்ற இடத்திலிருந்து மெதுவாகப் பின்னால் வந்து வீட்டுக்குள் போய்விட வேண்டும். ஓடக் கூடாது, கல் எறியக் கூடாது, போட்டோ எடுக்க நிற்கவும் கூடாது. அது பசு போலவே தெரிவதால் சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் கிட்டே போவார்கள். இதை மட்டும் பத்து முறை சொல்லிக்கொடுங்கள்.

கரடிக்கு எண்ணெய் வாசம் பிடிக்கும். கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைத்த கரடிகள் இந்தப் பக்கம் உண்டு. சமையல் எண்ணெய், வெல்லம், பழம் எதையும் வராந்தாவில் வைக்காதீர்கள். குப்பையை இரவில் வெளியே வைக்காமல், வண்டி வரும் நேரத்தில் கையில் கொடுங்கள். கொல்லையில் கொய்யாவோ பலாவோ பழுத்தால் உடனே பறித்துவிடுங்கள்.

விலங்கைவிட நான் அதிகம் கவலைப்படுவது பூச்சிமருந்தைப் பற்றித்தான். தேயிலைக்கு மருந்து அடிக்கும் நாளில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் ‘அண்ணா, மருந்து அடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று கேட்டு வைத்தால் கண்டிப்பாகச் சொல்வார். தோட்டத்துக்குள் நடந்துவிட்டு வந்தால் கைகால் கழுவுவது எங்கள் வீட்டில் எல்லா நாளும் உண்டு.

7. வெளியே கூட்டிப்போங்கள்

முதல் மாதத்தில் நேரு பூங்காவே போதும். அங்கே ஊஞ்சல் இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் பழைய கோயில் ஒன்றும் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களை வைத்து வந்ததுதான் என்று பிள்ளைகளுக்கு அங்கே உட்கார்ந்து சொல்லலாம். மே மாதக் காய்கறிக் கண்காட்சியும் அதே பூங்காவில்தான் நடக்கும்.

கால் பழகிய பிறகு லாங்வுட் சோலைக்குப் போங்கள். ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர் சோலைக்காடு. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் இந்தக் காட்டில் ஊறும் தண்ணீர்தான். 2024-இல் இதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சார் தகுதி கிடைத்தது. இந்தக் காடு வெட்டுப்படாமல் நிற்பதற்கு, உள்ளூர் மக்களே குழு அமைத்து வனத்துறையோடு சேர்ந்து காவல் காத்ததும் ஒரு காரணம். களைச்செடிகளைப் பிடுங்கி, நாற்று நட்டு, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டி வளர்த்த காடு இது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். மழைக்குப் பிறகு அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம். உள்ளே போனதும் பேச்சை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். சோலை என்ற நம் சொல்லைத்தான் உலகத் தாவரவியலாளர்கள் இந்த வகைக் காடுகளுக்கே பெயராக வைத்திருக்கிறார்கள், அது ஏன் என்று அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

வீட்டு வாசலிலேயே செம்மீசைச் சின்னான் வந்து உட்காரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பார்த்த பறவைகளை எழுதி வரச் சொல்லுங்கள். என் மகள் எழுதப் பழகியதே அப்படித்தான்.

8. ஊரோடு சேர்வது

இங்கே அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் படுகர்கள், சிறு தேயிலை விவசாயிகள். அவர்களுக்குள் படுகு பேசுவார்கள், உங்களோடு தமிழில் பேசுவார்கள். கோத்தர், இருளர், குறும்பர் ஊர்களும் சுற்றிலும் உண்டு. கீஸ்டோன் அறக்கட்டளை நடத்தும் ரேடியோ கோத்தகிரியைப் போட்டுக் கேளுங்கள், இந்த மலையின் மொழிகளும் பாட்டுகளும் காதில் விழும். பிள்ளைகள் ஆறே மாதத்தில் படுகு பிடித்துக்கொள்வார்கள், தடுக்காதீர்கள்.

ஊர்களை ஹட்டி என்பார்கள். ஹட்டிக்குள் நினைத்தபடி நுழைந்து படம் எடுப்பது மரியாதை இல்லை. கூப்பிட்டால் போகலாம், போனால் சாப்பிடாமல் வர முடியாது. பச்சைத் தேயிலை விலை விழுந்திருக்கும் மாதங்களில் தெருவே அமைதியாக இருக்கும். அப்போது ‘தேயிலைக்கு என்ன விலை அண்ணா?’ என்று கேட்டு, பதிலை நின்று கேளுங்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்றாலும், காய்கறி, பால் வாங்க வேண்டும் என்றாலும் முதலில் அந்தத் தெருவிலேயே கேளுங்கள்.

பஸ்ஸில் போங்கள். கார் இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாளாவது போங்கள். 2024 முதல் மலைப்பகுதியின் சாதாரண கட்டண அரசுப் பஸ்களிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே நேரத்துப் பஸ்ஸில் ஒரு மாதம் போய்வந்தால் இருபது பேருக்கு உங்கள் பிள்ளையைத் தெரிந்துவிடும். பள்ளி முடிந்து வரும்போது நான் ஒருநாள் தாமதமானேன். பஸ் நிறுத்தத்தில் காய் விற்கும் அக்கா, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து கேரட் கடிக்கக் கொடுத்திருந்தார்.

மார்கழியை ஒட்டி ஹெத்தையம்மன் திருவிழா வரும். படுகர்களின் பெரிய விழா அது, கோத்தகிரி பக்கம் பேரகணியில் கூட்டம் நிரம்பி வழியும். எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து அழைப்பு வந்திருக்கும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை முன்பே எடுத்து வையுங்கள், உள்ளே தெர்மல் போட்டு விடுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய தூரம் இருக்கும், சின்னவனைத் தூக்க ஒரு ஆள் வேண்டும்.